மூன்று வெட்சிகள் மட்டும்

அத்தியாயம் 9

அண்ணிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஓடுகிற வேனுக்குள் நடக்க இடமிருந்தால் நடந்தே இருப்பார். இடமில்லாததால் கைகளை நடக்கவிட்டிருந்தார். கதவுக் கைப்பிடியில் தாளம் போட்டார், கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். மணி பன்னிரண்டு இருபது. நாங்கள் போகிற வீட்டிலிருந்து சாமான் லாரி இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும்.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போ."

"அண்ணி, இது செடி ஏத்துற வேன். இன்னும் வேகமாப் போனா பின்னால இருக்குற தொட்டியெல்லாம் நமக்கு முன்னால போய்ச் சேர்ந்துடும்."

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. துப்பறிவாளர் என்று அவருக்குப் பெயர்ப்பலகை உண்டு. எனக்கு உதவியாளர் என்று பெயர் மட்டும் உண்டு, பலகை இல்லை. அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை என்ன செய்வது என்று குடும்பம் கூடி யோசித்தபோது, "என் பையைத் தூக்கட்டும்" என்று இவர்தான் தீர்ப்பு சொன்னார். மூன்று வருஷமாகத் தூக்குகிறேன். இன்றைக்குப் பையோடு ஒரு மண்வெட்டியும் சேர்ந்திருந்தது.

பின்னால் எரு மூட்டையின் மேல் நர்சரிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். வேன் அவருடையது. எங்களிடம் வழக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆறு வாரத்துக்கு முன்னால் அவருடைய தங்கை காணாமல் போனார். தங்கையின் புருஷன் ஒரு கடிதத்தைக் காட்டினார். 'என்னைத் தேட வேண்டாம். எனக்குப் பிடித்த வாழ்க்கையைத் தேடிப் போகிறேன்' என்று தங்கையின் கையெழுத்திலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். வயது வந்த பெண், தானாகப் போயிருக்கிறாள், இதில் போலீஸுக்கு என்ன வேலை என்று கோப்பை மூடிவிட்டார்.

அக்கா நம்பவில்லை. அண்ணியும் நம்பவில்லை. ஆனால் மூன்று வாரம் அலைந்ததில் எங்களுக்குக் கிடைத்தது என் காலில் ஒரு கொப்புளம் மட்டும். புருஷன் மைத்துனியைக் கேட்டுக்குள் விடுவதில்லை. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டைக் காலி செய்கிறார்.

அப்படியிருக்க, நேற்று சாயங்காலம் ஒரு போன் வந்தது.

நர்சரித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த நர்சரியும் வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லாது. தன்னிடம் இல்லாத செடியை இன்னொரு நர்சரியில் வாங்கித் தன் செடி போலக் கொடுத்துவிடும். வாங்குகிறவருக்கு இது தெரியாது. தங்கையின் புருஷனுக்கும் தெரியவில்லை. மைத்துனியின் நர்சரியை ஜாக்கிரதையாகத் தவிர்த்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் நர்சரிக்கு போன் செய்திருந்தார். வேலியில் மூன்று வெட்சிச் செடி மஞ்சளாகிவிட்டது, அதே சிவப்புப் பூவில், அதே உயரத்தில் மூன்று செடி கொண்டுவந்து மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர்களிடம் அந்தச் சிவப்பு இல்லை. அந்தச் சிவப்பு இந்த ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. போன் நேராக எரு மூட்டைக்காரம்மாவுக்கு வந்துவிட்டது.

"அந்த வேலிக்கு முப்பது செடி கொடுத்ததே நான்தான்" என்றார் நர்சரிக்காரம்மா பின்னாலிருந்து. "தங்கச்சி குடிபோன அன்னைக்கு. எல்லாம் ஒரே தாய்ச்செடியில குச்சி வெட்டி வளர்த்தது. நோய்னா முப்பதுக்கும் வரணும். மூணுக்கு மட்டும் வந்தா அது நோயே இல்ல."

"பின்ன?" என்று அண்ணி கண்ணாடியை ஏற்றினார்.

"இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைன்னு சொன்னாராம். அது சுண்ணாம்புங்க. மண்ணுல சுண்ணாம்பு சேர்ந்தா வெட்சியால இரும்புச் சத்தை எடுக்க முடியாது. சின்ன வயசுல நாங்க சுண்ணாம்புச் சட்டியைச் செடிப் பக்கம் கழுவினாலே எங்கப்பா விளாசிடுவாரு."

நான் வாயைத் திறந்தேன். சுண்ணாம்பை மண்ணுக்கு அடியில் எதன் மேல் கொட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணி என் காலை மிதித்தார். கொப்புளம் இருக்கிற காலையே மிதித்தார்.

"நீங்க சொல்லாம விட்டது எனக்கும் தெரியும் தம்பி" என்றார் நர்சரிக்காரம்மா. "ராத்திரி பூரா அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எதுவா இருந்தாலும் இன்னைக்கே தெரியணும். லாரி போயிட்டா அப்புறம் நான் யார் வீட்டு வாசல்ல போய்க் கேக்குறது?"

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

வீட்டுக்கு இரண்டு தெரு முன்பே சத்தம் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து மனையில் மரம் அறுக்கும் மில். ரம்பம் ஓடும்போது நம் பல்லே ஆடுகிற மாதிரி இருந்தது. கேட்டின் ஒரு பக்கம் லாரி நின்றது. கூலிக்காரர்கள் வீட்டிலிருந்து கட்டிலையும் பெட்டிகளையும் இறக்கி லாரியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நர்சரிக்காரம்மாவைத் தொட்டிகளுக்கு நடுவே சாக்கு போர்த்தி உட்காரவைத்துவிட்டு, புருஷன் முகம் பார்த்திராத நாங்கள் இருவரும் மறுகோடி நர்சரியின் ஆட்களாக இறங்கினோம்.

புருஷன் கேட்டில் நின்றிருந்தார். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கையில் ஒரு இரும்பு அளவுகோல். நான் அவருக்கு அந்த நிமிஷமே அளவுகோல் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"ஒரு மணிக்குள்ளன்னு சொல்லியிருந்தேன். பன்னிரண்டு முப்பத்தெட்டு. பரவாயில்லை" என்றார். பிறகு நாங்கள் இறக்கிய செடியின் பக்கத்தில் அளவுகோலை நிறுத்திப் பார்த்தார். "அரை இஞ்ச் கூட இருக்கு. வெட்டிடுங்க."

"எதை சார், செடியையா அளவுகோலையா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தரக்கட்டுப்பாட்டில் சிரிப்புக்கு இடம் கிடையாது போலிருக்கிறது.

வேலி வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஓடியது. சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. முப்பது செடியும் நூல் பிடித்த மாதிரி ஒரே உயரம். கொத்துக் கொத்தாகச் சிவப்பு. நடுவில் மூன்று மட்டும் வெளிறிப்போய் நின்றன. அதிலும் நடுச்செடி மோசம். எலுமிச்சம்பழ நிறத்தில் இலை, அதில் பச்சைக் கோடாக நரம்பு.

"வீடு கம்பெனி வீடு" என்றார் அளவுகோல். "வாங்கும்போது எப்படி இருந்துதோ அப்படியே ஒப்படைக்கணும். நாங்க வெச்ச வேலியும் இப்பப் பட்டியல்ல இருக்கு. மஞ்சள் இலையோட நான் எதையும் ஒப்படைக்க மாட்டேன். தினம் ரெண்டு தடவை சுத்தி வந்து பார்க்குறேன், ஏன்னே புரியல. உரம் போட்டேன், மருந்து அடிச்சேன். சரி, தோண்டி எடுத்துடுங்க."

அவர் வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு, காபிக் கோப்பையோடு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். நான் மண்வெட்டியை எடுத்தேன். அப்போது இரண்டு கூலிக்காரர்கள் ஒரு இரும்பு பீரோவை வெளிப் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"இதென்ன, வீடு காலி பண்றாங்களா, குடி வர்றாங்களா?" என்று கூலி மேஸ்திரியைக் கேட்டேன்.

"என்னைக் கேட்டா?" என்று மேஸ்திரி வியர்வையைத் துடைத்தார். "எல்லாம் இறங்குது, இது மட்டும் ஏறுது. சொன்னதைச் செய்யறோம்."

தோண்ட ஆரம்பித்தேன். எனக்கு மண்வெட்டி பழக்கமில்லை. பயம் நல்ல பழக்கம். ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணை மூடினேன். முதல் செடி வேரோடு வந்தது. அடியில் மண்புழு. நர்சரிக்காரம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு இன்னும் ஆழமாக வெட்டினேன். இரண்டாவது செடி. கல். மூன்றாவது, நடுச்செடி. அதன் அடியில் முழங்காலளவு போனேன். மண் கெட்டியாக, பல வருஷமாக யாரும் தொடாததுபோல இறுகிக் கிடந்தது. மண்வெட்டி தெறித்தது.

"அண்ணி, கீழ ஒண்ணுமில்ல" என்றேன். ரம்பச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் காதருகே போய் மறுபடி சொன்னேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது. எதுவும் இல்லையென்றால் லாரி போய்விடும். அக்காவுக்கு எந்தப் பதிலும் கிடைக்காது.

அண்ணி குழியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். எட்டு நடை இந்தப் பக்கம், எட்டு நடை அந்தப் பக்கம்.

"இருக்காது தம்பி. நாமதான் முட்டாளு. அங்க பாரு, காபி குடிக்கிறான்."

"குடிக்கட்டுமே. நமக்குத்தான் தரல."

"புதைச்சவன் நர்சரிக்கு போன் பண்ணி, வந்து தோண்டுங்கன்னு சொல்வானா? தோண்டுறதை வேடிக்கை பார்த்துக்கிட்டுக் காபி குடிப்பானா? இந்தச் செடி ஏன் மஞ்சளாச்சுன்னு அவனுக்கு நெசமாவே தெரியல. தெரிஞ்சிருந்தா நம்மளக் கூப்பிட்டே இருக்க மாட்டான்."

அது எனக்கு நேற்றே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மூன்று பேரும் சுண்ணாம்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் நேராகப் பிணத்துக்குப் போய்விட்டோம்.

அண்ணி குனிந்து நடுச்செடிக் குழியின் விளிம்பில் மேல்மண்ணை விரலால் சுரண்டினார். மேலே மட்டும் வெள்ளையாக ஒரு பொருக்கு. ஒரு சாண் கீழே மண் பழுப்பாகவே இருந்தது.

"சுண்ணாம்பு கீழேயிருந்து வரல. மேலேயிருந்து வந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா, தினமும்."

"யாராவது சுண்ணாம்புச் சட்டியைக் கழுவியிருப்பாங்க."

"குழாய் அந்தக் கோடியில இருக்கு. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்து, தினமும் ஒரே செடியில, அவன் கண்ணுல படாம யாரு..."

வாக்கியத்தை அண்ணி முடிக்கவில்லை. பின்கழுத்தில் கை வைத்தார். கையை எடுத்துப் பார்த்தார். ஈரம். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு அவர் தோளில் விழுந்தது.

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். மாடியில் ஒரு ஜன்னல். உள்ளிருந்து பலகை அடித்திருந்தது. பக்கத்தில் ஏசிப் பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சுவரை ஒட்டி இறங்கி, சரியாக நடுச்செடி இருந்த இடத்துக்கு மேல், எங்கள் தலை உயரத்தில் முடிந்தது. குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது.

"ஏசித் தண்ணி சுத்தமான தண்ணி அண்ணி. பேட்டரிக்கே ஊத்துவாங்க. அதுல எப்படிச் சுண்ணாம்பு..."

"சுண்ணாம்பு அப்புறம். முதல்ல அந்த ரூம்ல யாரு ஏசி போட்டிருக்காங்கன்னு கேளு."

மேஸ்திரி லாரி நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாடி அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"காலி ரூமாம். பூட்டியிருக்கு. வெளி நடையில பீரோவை வெச்சா போதும், துணியை நானே அடுக்கிப் பூட்டித் தரேன், அதைத் தலைகீழாக் கவுக்காம, நிமிர்த்தி வெச்சே கொண்டு போகணும்னு சொன்னாரு. துணி பூஞ்சை பிடிக்காம இருக்கணுமாம், பீரோ முதுகுல மூணு ஓட்டை வேற போட்டு வெச்சிருக்காரு."

நான் அண்ணியிடம் திரும்பி வந்து சொன்னேன். அண்ணி ஒரு நொடி நின்றார். மூன்று வருஷத்தில் அவர் நின்று நான் பார்த்தது அப்போதுதான். பிறகு போனை எடுத்து இன்ஸ்பெக்டருக்குப் பேசினார்.

"சார், உடனே வாங்க. வரும்போது அந்த லெட்டரையும் எடுத்துட்டு வாங்க. எழுதினவங்களையே கேட்டுடலாம்."

மணி சரியாக ஒன்று. மில்லில் சாப்பாட்டு நேரம். ரம்பம் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. உலகமே காது கழுவிக்கொண்ட மாதிரி ஒரு அமைதி. அது மூன்று நொடிகூட நீடிக்கவில்லை. வராந்தாவில் அளவுகோல் எழுந்து உள்ளே போனார். வீட்டுக்குள் ரேடியோ அலறியது. பாட்டுகூட இல்லை, ஏதோ விலை நிலவரம்.

"பார்த்தியா" என்றார் அண்ணி. "மில்லு நின்னா ரேடியோ. இந்த வீட்டுல அமைதியே இருக்கக் கூடாது அவனுக்கு. மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"வராந்தாவுலதான். அவர் நாற்காலிக்கு மேல."

"போய் அணைச்சுட்டு வா."

"நானா?"

"பின்ன, மண்வெட்டியா போகும்?"

நான் வராந்தாவுக்குப் போனேன். அளவுகோல் உள்ளே ரேடியோ பக்கத்தில் நின்றிருந்தது தெரிந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி மெயினைக் கீழே இழுத்தேன். விலை நிலவரம் பாதி விலையில் நின்றது. வீடு செத்த மாதிரி ஆனது.

ஓடி வந்தேன். அண்ணி குழாயின் வாயை உள்ளங்கையில் பிடித்திருந்தார். ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இல்லை. ஏசி நின்றுவிட்டது, இனி சொட்ட வேண்டிய அவசியமில்லை. அவர் குழாயைச் சுவரிலிருந்து பிய்த்து வாயருகே கொண்டுபோனார்.

"அம்மா, உங்க அக்கா அனுப்பி வந்திருக்கோம். உள்ள இருக்கீங்களா? பேச முடியலைன்னா, செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துங்க."

பிறகு குழாயைக் கீழே இறக்கி அதன் அடியில் கையை ஏந்தினார்.

ஒன்றும் வரவில்லை. உள்ளே அளவுகோல் சுவிட்சுகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. மேஸ்திரியும் ஆட்களும் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் குழாயையே பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு எண்ணியபோது குழாய் லேசாகக் களக் என்றது.

வந்தது. சொட்டாக இல்லை, ஒழுகலாக. பால் மாதிரி வெள்ளையாக. அண்ணியின் கை நிறைந்து, மணிக்கட்டில் வழிந்து, முழங்கையில் இறங்கியது. மின்சாரமே இல்லாத வீட்டில், காலி அறையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"இருக்கா" என்றார் அண்ணி. குரல் உடைந்துவிட்டது. "இருக்கா தம்பி. உசிரோட இருக்கா."

நான் வேனைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சாக்கு விலகியது, தொட்டி ஒன்று உருண்டது, நர்சரிக்காரம்மா இறங்கி ஓடி வந்தார்.

அதற்குள் அளவுகோல் படிக்கட்டின் அடியில் வந்து நின்றுவிட்டார். மைத்துனியைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மடிப்பு விழுந்தது.

"மெயினை யார் அணைச்சது? உங்களைச் செடி மாத்தத்தான் கூப்பிட்டேன்."

"செடி பார்த்தாச்சு சார்" என்றார் அண்ணி. "நோய் மாடியில இருக்கு. சாவியைக் கொடுங்க."

"அது என் வீட்டு விஷயம். அவ எங்கேயும் போகல. போறேன்னு லெட்டர் எழுதி வெச்சா, போக விடல, அவ்வளவுதான். என் பொண்டாட்டி. யாரும் மேல ஏறக் கூடாது."

இதைச் சத்தம் போடாமல், அளந்து சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. நர்சரிக்காரம்மா நிற்காமல் அவரை நோக்கி நடந்தார். அவர் அளவுகோலை ஓங்கினார். நான் நடுவில் மண்வெட்டியை நீட்டினேன். இரும்பும் இரும்பும் மோதியதில் என் கை மரத்துப்போனது. ஆனால் அளவுகோல் வளைந்துவிட்டது. அதை அவர் ஒரு கணம் நம்ப முடியாமல் பார்த்தார்.

அந்த ஒரு கணம் மேஸ்திரிக்குப் போதுமானதாக இருந்தது. அவர் ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தார்.

"மூணு ஓட்டை" என்றார் அவரிடம். "துணிக்குப் பூஞ்சை பிடிக்கும்னு சொன்னீங்களே சார். இது சாமான் ஏத்துற வண்டி. ஆள் ஏத்துற வண்டி இல்ல."

கதவு நாலாவது நெம்புக்குத் திறந்தது.

அறையில் ஒரு பாய், ஒரு வாளி, ஒரு தட்டு. சுவர்கள் சுண்ணாம்பு அடித்தவை. வாசலுக்கு நேரான சுவர் வெள்ளையாகவே இருந்தது. கதவுக்குப் பின்னால், உள்ளே வந்து நிற்கிறவன் கண்ணில் படாத சுவரில் மட்டும், தரையிலிருந்து கை எட்டுகிற உயரம் வரை செங்கல் தெரிந்தது. ஏசியின் மூடி கழன்று தொங்கியது. அதன் கீழே முக்காலியில் அந்தத் தங்கை நின்றிருந்தார். கையில் இன்னும் சொம்பு. பத்து விரல் நகத்திலும் சுண்ணாம்பு.

அக்கா வாசலைத் தாண்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழவில்லை. வேனில் பேசியபோதுகூடக் கலங்காத முகம், இப்போது ஆட ஆரம்பித்திருந்தது.

"கத்தியிருக்கலாமேடி" என்றார்.

"பகல்ல மில்லு, மத்தியானம் ரேடியோ. ராத்திரி சாப்பாட்டுல மாத்திரை, தூங்கிடுவேன்." தங்கையின் குரல் பேசிப் பழக்கமில்லாதது போலக் கரகரத்தது. "காகிதம் போட்டா அவர் கையிலதான் கிடைக்கும். தினம் ரெண்டு தடவை வேலியைச் சுத்துவாரு. ஆனா செடி பேசுறது அவருக்குப் புரியாதுக்கா. மஞ்சளைப் பொறுக்க மாட்டாரு, யாரையாச்சும் கூப்பிடுவாரு. இந்த ஊர்ல யார் யாரைக் கூப்பிட்டாலும் அந்தச் சிவப்புக்கு உன்கிட்டதானே வந்தாகணும்."

ஆறு வாரம். தினம் ஒரு கை சுவர், ஒரு சொம்பு தண்ணீர். அந்த மனுஷனின் குணத்தையே தபால்காரனாக்கி அக்காவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்.

"எங்க எல்லாரையும் பிணம் தேட வெச்சுட்டியே" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் உள்ளே போனார். முக்காலியிலிருந்து தங்கையை இறக்கி, சுண்ணாம்புக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நீ கொடுத்த செடிக்கா. மூணையும் கெடுத்துட்டேன். அப்பா இருந்திருந்தா விளாசியிருப்பாரு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே தோண்டினீங்க. வேர் எப்படி இருந்துது?"

நான் யோசித்தேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோண்டியவன் நான். ஆனாலும் செடிகளைத் தூக்கிக் குழியோரம் வைத்தது ஞாபகம் இருந்தது.

"நல்லா இருந்துதுங்க. புது வேர்கூட விட்டிருந்துது."

"அப்பத் தேறிடும்" என்றார் அவர், தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே. "தூக்கிப் போட்டுடாதீங்க. வேன்ல ஏத்துங்க, மூணையும் நான் கொண்டுபோறேன்."

நான் கீழே இறங்கினேன். தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது. வெளிப் படிக்கட்டின் கடைசிப் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கை, கால் எதுவும் ஆடவில்லை. மடியில் ஏந்திய உள்ளங்கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உட்கார்ந்திருக்கீங்க" என்றேன்.

"ஆமா" என்றார். "செடியை ஏத்திட்டு வா தம்பி. மெதுவா ஏத்து."